கை நீட்டாத வீடு

அத்தியாயம் பதினான்கு

விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டை ஒழுங்குபடுத்தி வைப்பது குடும்பத்துக்கு அழகு. டைம்கீப்பர் அதைத்தான் செய்தார். பின்னால் யார் என்ன பேசினாலும், அன்று காலை அவர் மனத்தில் கபடம் இருக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பஸ் டெப்போ வாசலில் முப்பத்துநான்கு வருடம் நின்று, ஒவ்வொரு வண்டியும் கிளம்பிய நிமிடத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டவர். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும் டைம்கீப்பர் என்ற பெயர் அவரை விடவில்லை. மாடிப்படியில் அவர் இறங்கினால், கீழே நின்று வம்பளப்பவர்கள் குரலைத் தணித்துக்கொள்வார்கள். அந்த மரியாதையை அவர் யாரிடமும் கேட்டு வாங்கியதில்லை.

அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஏழு மாதம் ஆகிறது. வாரம் மூன்று முறை இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டிய உடம்பு. ஆனால் நான்கு வாரமாக இரண்டு முறைதான் நடக்கிறது. மூன்றாவதற்கு வழியில்லை. அது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. போன வாரம் மகள் ஆஸ்பத்திரி ஜன்னல் ஒன்றில் ஒரு காகித உறையை நீட்டிவிட்டு, அப்பாவிடம் மூச்சு விடாமல் வீடு திரும்பினாளே, அந்த உறைதான் இன்று ஒரு பெண்மணியை இந்த வீட்டுக்கு அனுப்பியது.

காலை ஏழு மணி. பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கும் மகள், செருப்பை மாட்டிக்கொண்டே பேச்சைத் தொடங்கினாள்.

"அப்பா, பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மேடம் வருவாங்க."

"எதுக்கு?"

"சும்மா... அம்மாவைப் பார்க்க. நாலு கேள்வி கேப்பாங்க. உள்ளதைச் சொல்லுங்க."

"நான் என்னைக்கு இல்லாததைச் சொன்னேன்?"

மகள் செருப்பின் வாரை இழுத்து மாட்டினாள். "வீட்டை ஒண்ணும் பண்ணாதீங்கப்பா. இருக்கிறபடியே இருக்கட்டும்."

"அவ்வளவு அக்கறைன்னா நீயே இருந்து பேசேன்."

"லீவெல்லாம் தீர்ந்துபோச்சுப்பா. இன்னும் ஒரு நாள் கேட்டா, ஓனர் என் பல்லையே கழட்டி ஷோகேஸ்ல வச்சுடுவார்."

படியில் அவள் காலடி இறங்கும் சத்தம் கேட்டது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அது நின்றது. திரும்பி வருகிறாளோ என்று அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். பிறகு காலடி மறுபடியும் இறங்கிப் போனது.

இருக்கிறபடியே இருக்கட்டுமாம்!

டைம்கீப்பர் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். சோபா இருந்த இடத்தில் தரையில் நான்கு பள்ளங்கள். டி.வி. மாட்டியிருந்த சுவரில் மட்டும் சுண்ணாம்பு வெளுப்பாக ஒரு கட்டம். சோபாவைப் பற்றி யாராவது கேட்டால், "பாலிஷ் போடக் கொடுத்திருக்கு" என்று நான்கு மாதமாகச் சொல்லி வருகிறார். எந்தப் பாலிஷ்காரன் நான்கு மாதம் எடுத்துக்கொள்கிறான் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. அதுவும் ஒரு மரியாதைதான்.

"யாருங்க வராங்க?" உள் அறையிலிருந்து மனைவியின் குரல். அவள் வாயில் ஒரு ஐஸ் துண்டு. நாளுக்கு மூன்று டம்ளர் தண்ணீருக்கு மேல் கூடாது என்பதால், தாகத்தை ஐஸ் துண்டாக உறிஞ்சித்தான் ஏமாற்றுவாள்.

"ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மா. உன்னைப் பார்க்க."

"என்னைப் பார்க்க இங்க எதுக்கு வரணும்? வாரத்துல ரெண்டு நாள் நானே அங்கதானே கிடக்கேன்?"

நியாயமான கேள்வி. ஆனால் அவருக்கு அது உறைக்கவில்லை. "மரியாதை தெரிஞ்சவங்க வீடு தேடி வந்துதான் விசாரிப்பாங்க," என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

முதல் மாடியில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் குடியிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் தலையைச் சொறிந்தார்.

"சோபாதானே அண்ணே, தாராளமா எடுத்துக்கங்க. ஆனா மதியம் ரெண்டு மணிக்குள்ள திரும்பி வந்துடணும். என் வீட்டம்மாவுக்கு என்னைவிட அது மேலதான் பாசம் ஜாஸ்தி."

"பாலிஷ்காரன் இன்னைக்குக் கொண்டாரேன்னு சொல்லி ஏமாத்திட்டான். அதான்."

"அவனுங்க அப்படித்தான் அண்ணே," என்றார் கண்ணாடிக் கடைக்காரர், முகத்தில் ஒரு சுருக்கம்கூடக் காட்டாமல்.

இருவருமாக இரண்டு மாடி ஏற்றினார்கள். திருப்பத்தில் சோபா மாட்டிக்கொண்டது. "உங்க பக்கம் தூக்குங்க." "தூக்கிட்டுத்தான் இருக்கேன், சோபாதான் உட்கார்ந்துட்டு இருக்கு!" என்றார் கடைக்காரர். எழுபதை நெருங்கும் டைம்கீப்பருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் சோபா கூடத்துக்கு வந்து உட்கார்ந்ததும் வீட்டுக்கு மறுபடியும் முகம் வந்துவிட்ட மாதிரி இருந்தது. வெளுத்த சுவரில் ஒரு காலண்டரை மாட்டினார். விற்காமல் தப்பியிருந்த பூப்போட்ட பீங்கான் கோப்பைகளைக் கழுவித் துடைத்தார். நல்ல பிஸ்கட் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார்.

மனைவி கதவு இடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடல் கூழுக்கு அழுதாம், கொண்டை பூவுக்கு அழுதாம்."

"நீ முழுக்கைச் சட்டை போட்டுக்கோ," என்றார் அவர். ஊசி குத்திக் குத்திக் கயிறாகப் புடைத்திருந்த அவள் இடது கை, அடுத்தவர் பார்க்கும் காட்சியாக இருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். அவள் மாற்றிக்கொண்டாள். செருப்பு மட்டும் நுழையவில்லை. பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. அவளைக் கட்டிலிலேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவை ஒருக்களித்தார்.

பதினொன்று ஐந்துக்குக் கதவு தட்டப்பட்டது.

வந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் கனமான பை, கையில் ஓர் அட்டை. மூன்று மாடி ஏறிய களைப்பு முகத்தில் தெரிந்தது. சோபாவில் உட்கார வைத்து, மின்விசிறியை வேகமாக வைத்து, டீயை நீட்டினார்.

"நான் நிவாரண..." என்று அவள் ஆரம்பிக்கும்போதே, "முதல்ல டீ குடிங்கம்மா. வந்த காரியம் எங்கேயும் ஓடிப் போயிடாது," என்று உபசரித்தார். அன்று அவர் கேட்க வேண்டியிருந்த ஒரே வார்த்தை அதுதான். அதை அவரே தடுத்துவிட்டார்.

அவள் டீயைக் குடித்தாள். கூடத்தைக் கண்ணால் ஒரு சுற்று சுற்றினாள். பிறகு அட்டையில் கார்பன் தாள் வைத்த படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

"வீட்ல எத்தனை பேர் சார்?"

"நாங்க ரெண்டு பேர், மகள். மகன் கப்பல்ல. பெரிய பொறுப்பு."

கப்பலில் மகனுக்குத் துணி வெளுக்கும் அறையில் வேலை. அவன் போன் பேசி நாலு மாதம் ஆகிறது. ஆனால் அது வீட்டு விஷயம். வாசற்படி தாண்டக் கூடாது.

"அவர் அனுப்புறாரா?"

"பெத்தவங்களுக்கு அனுப்பாம இருப்பானாம்மா?"

எழுதினாள்.

"மகளுக்குக் கல்யாணம்?"

"நல்ல இடமா பார்த்துட்டிருக்கோம். அவசரம் ஒண்ணும் இல்லை."

எழுதினாள்.

"சிகிச்சைச் செலவு... எப்படிச் சமாளிக்கிறீங்க?"

டைம்கீப்பர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். இந்த மாதிரிக் கேள்விக்கு அவர் குடும்பத்தில் ஒரே பதில்தான் உண்டு. அவர் அப்பா சொன்ன பதில், அப்பாவின் அப்பா சொன்ன பதில்.

"எங்களுக்கு என்னம்மா குறை?"

பேனா ஒரு கணம் நின்றது. அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அதையும் எழுதினாள்.

"வாரம் மூணுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இப்ப ரெண்டுதான் நடக்குது. மூணாவதை ஏன் நிறுத்தினீங்க சார்?"

ஒருக்களித்த கதவைப் பார்த்தார். உள்ளே கட்டில் ஒரு தடவை முனகியது.

"அவளுக்கு இப்பத் தெம்பு வந்துடுச்சு," என்றார். "ரெண்டே போதும்னு நாங்களே முடிவு பண்ணினோம்."

அவள் எழுதி முடித்துப் பேனாவை மூடினாள். பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தாள்.

"சார், ஒண்ணு புரியலை. நிவாரண நிதிக்குப் போட்ட மனுவில வேற மாதிரி எழுதியிருக்கீங்களே?"

"எந்த மனு?"

அவள் ஒரு தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். டைம்கீப்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் வரியிலேயே எழுத்து யாருடையது என்று தெரிந்துவிட்டது. பள்ளிக்கூட நாளிலிருந்தே மகளின் எழுத்து அப்படித்தான், கோடு போட்ட மாதிரி நேராக நிற்கும்.

*ஏழு மாதமாக என் மனைவியின் சிகிச்சைக்கு என் ஓய்வூதியமும் என் மகளின் சம்பளமும் போகின்றன. அவள் கல்யாணத்துக்கென்று சேர்த்தது மூன்றாம் மாதத்தோடு தீர்ந்துவிட்டது. வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றோம். இனி விற்க ஒன்றும் இல்லை. வாரத்துக்கு ஒரு சிகிச்சையை நிறுத்திவிட்டோம். அதனால் என் மனைவி மூச்சுக்குச் சிரமப்படுகிறாள். நான் இதுவரை யாரிடமும் உதவி கேட்டவன் இல்லை. கேட்பதற்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.*

அடியில் அவர் கையெழுத்து இருந்தது.

அவருடையதேதான். ஆனால் இருபத்தைந்து வருடத்துக்கு முந்தையது. அடியில் நீளமாக ஒரு கோடு இழுத்து, கோட்டின் நுனியில் ஒரு புள்ளி. மகளின் மதிப்பெண் அட்டையில் அவர் போட்டுக் கொடுத்த கையெழுத்து அது. இப்போது கை நடுங்குவதால் கோட்டையும் புள்ளியையும் விட்டு வெகுநாள் ஆகிறது. பாவம், அது அவளுக்குத் தெரியாது.

வந்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"சில வீடுகள்ல பெரியவங்களுக்குத் தெரியாம பிள்ளைங்களே எழுதிக் குடுத்துடறாங்க சார். அப்படின்னா மனு ரத்து. அந்தக் குடும்பம் மறுபடி போடவே முடியாது. கையெழுத்துப் போட்டவங்க மேல புகார் எழுதி மேலிடத்துக்கு அனுப்பணும். அதனால கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இது நீங்க போட்ட கையெழுத்துதானே?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கோப்பையின் அடியில் மிச்சமிருந்த டீயின் மேல் ஆடை படர்ந்திருந்தது.

டெப்போவில் ஒரு முறை, ஆறு நிமிடம் தாமதமான வண்டியைச் சரியான நேரத்தில் கிளம்பியதாக எழுதச் சொல்லி மேலதிகாரியே கேட்டார். டைம்கீப்பர் மறுத்துவிட்டார். அதற்காகப் பதவி உயர்வை இழந்தார். கையெழுத்து என்பது மனுஷனின் முகம் என்று அப்போது வீட்டில் சொன்னார். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள்தான் இந்த மகள்.

இல்லை என்று சொன்னால் மகள் பொய்க் கையெழுத்துப் போட்டவள் ஆகிறாள். ஆமாம் என்று சொன்னால், கை நீட்டியவர் அவர். இந்த அரை மணி நேரமாக அதே கையால் மறைத்தவரும் அவர்தான்.

"என்னுதுதாம்மா," என்றார்.

"அப்ப இவ்வளவு நேரம் சொன்னது?"

"பொய்."

சொன்ன பிறகு அந்தச் சொல் கூடத்தின் நடுவில் நின்றுவிட்டது. அவர் மேலே பேசினார். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"இந்த சோபா முதல் மாடிக்காரருது. ரெண்டு மணிக்குத் திருப்பிக் குடுக்கணும். மகன் அனுப்பறதில்லை, அவனால முடியாது. கல்யாணம் எங்கேயும் பார்க்கலை. பார்த்தா என்னத்தை வச்சுப் பண்றது? அவளுக்குத் தெம்பெல்லாம் வரலைம்மா. படுத்தா மூச்சு முட்டுதுன்னு உட்கார்ந்தே தூங்கறா. கால் வீங்கிச் செருப்பு நுழையலை. நீங்க வந்து பாருங்க."

எழுந்து போய் அறைக் கதவை அகலத் திறந்தார். மனைவி கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போர்வை எடுத்துப் போர்த்த நேரம் கிடைக்காத பாதங்கள் வெளியே தெரிந்தன. வந்தவள் வாசலிலேயே நின்று கைகூப்பினாள். மனைவியும் தலையசைத்தாள்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் அந்தப் பெண் வெகுநேரம் படிவத்தையே பார்த்தாள்.

"எழுதினதை அடிக்க முடியாது சார். கார்பன்ல நகல் விழுந்திருக்கு. ரெண்டையும் எழுதறேன். முதல்ல சொன்னது, அப்புறம் சொன்னது."

"படிக்கிறவங்க எதை நம்புவாங்க?"

"முதல்ல சொன்னதைத்தான்." அவள் பொய் சொல்லிப் பழகாதவள் போலிருக்கிறது. "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் குழு கூடுது. அஞ்சு பேர். நீங்களே நேர்ல வந்து, எங்களால முடியலைன்னு அவங்க முன்னாடி சொல்லணும். கையெழுத்தும் அங்க போடணும், மனுவில இருக்கிற மாதிரியே. அதை ஒத்துப் பார்ப்பாங்க."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் ரெண்டு தடவைதான் சார். என் கையில ஒண்ணும் இல்லை."

படிவத்தின் அடியில் விரலால் இடம் காட்டினாள். டைம்கீப்பர் பேனாவை வாங்கினார். மகள் எழுதிய மனுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மகள் போட்ட கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து, தன் கையெழுத்தைப் போட்டார். கோடு இழுக்கும்போது கை உதறியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நுனியில் புள்ளியையும் வைத்தார். வாழ்க்கையில் அவர் போட்ட முதல் கள்ளக் கையெழுத்து, அவருடையதே.

அவள் அதைப் பார்த்தாள். மனுவில் இருந்ததையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் ஃபைலை மூடினாள்.

"டீ நல்லா இருந்தது ஐயா," என்றாள். அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சோபா இரண்டு மணிக்குள் கீழே போய்விட்டது. கண்ணாடிக் கடைக்காரர், "வந்தவங்க சந்தோஷமா போனாங்களா அண்ணே?" என்று கேட்டார். "போனாங்க," என்றார் இவர்.

மாலை வெயில் உள் அறைக்குள் வந்தபோது அவர் கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையை மனைவி மேலே சுருட்டிவிட்டிருந்தாள். புடைத்த நரம்பின் மேல் அவள் விரல் ஏதோ நினைவாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"பாப்பாவைத் திட்டாதீங்க."

"திட்டலை."

"கையெழுத்து விஷயம் உங்களுக்குத் தெரியும்னே காட்டிக்காதீங்க."

"ம்."

பிறகு அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அந்தப் பொண்ணு உங்க கையெழுத்துதானான்னு கேட்டப்ப, நீங்க இல்லைன்னு சொல்லிடணும்னு நான் இங்க உட்கார்ந்து வேண்டிக்கிட்டேன்."

டைம்கீப்பருக்குப் புரியவில்லை. "இல்லைன்னு சொன்னா பாப்பா மாட்டிக்குவாளே?"

"அவளை யாரு ஜெயில்ல போடப் போறாங்க? நாலு நாள் அழுவா. அதோட மனு போச்சு. மிஷினும் போச்சு. எல்லாம் ஒரேயடியா முடிஞ்சிருக்கும்." அவள் குரலில் கோபம் இல்லை, சலிப்புதான் இருந்தது. "அவளுக்குன்னு சேர்த்தது மூணாம் மாசமே தீர்ந்துடுச்சுன்னு அந்தத் தாள்ல இருந்துச்சாமே. நீங்க வாய்விட்டுப் படிச்சீங்க, தெரியுமா உங்களுக்கு? எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். என் ரத்தத்தைக் கழுவ, என் பொண்ணோட வாழ்க்கையை ஊத்திக்கிட்டிருக்கேன்."

"பைத்தியம் மாதிரிப் பேசாதே."

"பேசலை. யோசிச்சுத்தான் சொல்றேன். உங்களை அஞ்சு பேர் முன்னாடி நிக்க வச்சு, எங்ககிட்ட ஒண்ணும் இல்லைன்னு சொல்ல வச்சுத்தான் நான் மூச்சு விடணுமா? நாப்பத்தோரு வருஷமா நிமிர்ந்து நடந்த மனுஷனை நான் பார்த்திருக்கேன். அதைப் பார்த்த கண்ணோடவே போயிடறேனே."

அவர் அவள் கையைப் பிடித்தார். புடைத்த நரம்பு உள்ளங்கையில் விறுவிறுவென்று துடித்தது. இத்தனை மாதத்தில் அவர் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது அவரை.

படியில் காலடி. கதவு திறந்தது. மகள் கைப்பையைக்கூட இறக்காமல் நேரே அறை வாசலுக்கு வந்து நின்றாள். பல் செட்டுக்குத் தேய்க்கும் வெள்ளைப் பொடி புருவத்தில் ஒட்டியிருந்தது.

"வந்தாங்களாப்பா? என்ன சொன்னாங்க?"

டைம்கீப்பர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். மகளைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"வந்தாங்க. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு என்னை வரச் சொல்லியிருக்காங்க. போறேன். எத்தனை பேர் இருந்தாலும் நின்னு கேக்கறேன். எனக்கு இவ வேணும்னு கேக்கறேன்."

மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவள் தோள் இறங்கிய விதத்தில், எத்தனை நாளாக அதைத் தூக்கிப் பிடித்திருந்தாள் என்பது தெரிந்தது.

"அப்பா... உங்களுக்குக் கோபம் இல்லையே?"

"ஒரு கோபமும் இல்லை. போய் முகம் கழுவு."

"கழுவறேன். நாளைக்குக் காலைல அம்மாவோட முறை. அஞ்சு மணிக்கு வண்டி சொல்லிடறேன்."

"வண்டி சொல்லாதே பாப்பா," என்றாள் கட்டிலில் இருந்தவள், போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டே. "நான் வரலை."

அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்து மகள் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.